ஔந்தில் கண்ட நத்தை



ஆனி மாதம் பிறந்து புனே நகரில் மழை பிடித்துக்கொண்டதும், முளா ஆற்றை ஒட்டிய ஔந்துப் பகுதியில் தோட்ட மதில்களின் மேல் நத்தைகள் ஊரத் தொடங்குகின்றன. மராத்தியர் நத்தையை 'கோகல்காய்' என்பர். 'காய்' என்றால் அவர்கள் மொழியில் பசு. தமிழில் எழுதிக் காட்டினாலோ ஏதோ காய்கறியின் பெயர் போலத் தோன்றும்!

சென்ற மழைக்காலத்தில் எங்கள் அண்டைவீட்டுச் சிறுவன் இரண்டு நத்தைகளை ஒரு தட்டில் ஏந்தி வந்தான். அவனுடைய பாட்டி உப்புச் சாடியுடன் பின்தொடர்ந்தார். "இரண்டும் கீரையைத் தின்கிற சனியன்கள்தாமே?" என்றார். "சற்றுப் பொறுங்கள், அம்மா" என்று கூறி, இரண்டையும் உற்று நோக்கினோம்.

ஒன்றின் ஓடு தட்டையாக, உயரத்தைவிட அகலம் மிகுந்து இருந்தது. அது நம் நாட்டில் இயல்பாக வாழும் 'கிரிப்டோசோனா' வகையைச் சேர்ந்தது. மற்றதன் ஓடு கூம்பு வடிவம். உயரம் அகலத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பழுப்பு நிறத்தின்மீது மேலிருந்து கீழாகக் கருமையான கீற்றுகள். வளர்ந்த ஓட்டில் ஏழு முதல் ஒன்பது சுற்றுகள் வரை எண்ணலாம். ஓட்டின் வாயருகே உள்ள நடுத்தண்டு வெண்மையாக, நுனியில் வெட்டிவிட்டாற்போல் முடியும். இவ்வளவும் பொருந்தினால் அது ஆப்பிரிக்கப் பெருநத்தையே. 1822இல் பௌடிச் என்பவர் விவரித்த இதற்கு 'லிசாகட்டினா ஃபுலிக்கா' என்பது விஞ்ஞானப் பெயர்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் பிராணி ஔந்துக்கு வந்தது எப்படி? நத்தையின் நடையை நாம் அறிவோம். கடலைக் கடந்தது அதன் காலால் அன்று, மனிதன் கையால். 1847இல் பென்சன் என்பவர் மொரீசியசிலிருந்து இதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். சௌரங்கித் தோட்டமொன்றில் அது விடப்பட்டது. அவர் நத்தைகளை ஆராய்ந்த அறிஞர் என்பதுதான் விந்தை! 1900ஆம் ஆண்டையொட்டி இலங்கையிலும் இது புகுந்தது. பிறகு செடித்தொட்டி, மண், மரக்கட்டை என அகப்பட்டவற்றிலெல்லாம் ஏறிப் பயணம் செய்தது.

ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாய் இருப்பது இதன் பெருக்கத்துக்குத் துணை. ஒரு முறைக்கு நூறு முதல் நானூறு முட்டைகள் வரை இடக்கூடும். வறட்சி வந்தால் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். 2022இல் மராத்வாடாவின் லாத்தூர்ப் பக்கத்தில் சோயா முளைகளை நத்தைகள் தின்று தீர்த்ததால் உழவர்கள் மீண்டும் விதைக்க நேர்ந்தது.

உடல்நலத்தையும் எண்ண வேண்டும். எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகள் இந்நத்தையினுள் தங்கக்கூடும். அவை மனிதன் வயிற்றுக்குள் சென்றால் மூளையுறை அழற்சி உண்டாகலாம். ஆகவே வெறுங்கையால் தொடவேண்டாம். தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பச்சையாக உண்ணும் இலைகளை நன்கு அலசுங்கள்.

ஒழிக்கும் வழி என்ன? மண்ணில் உப்பைத் தூவினால் செடியும் கெடும். மாலையில் நனைத்த கோணிச்சாக்கின் கீழ் முட்டைக்கோசு இலைகளை வையுங்கள். இரவில் வந்து கூடும் நத்தைகளைக் காலையில் கையுறையுடன் பொறுக்கி, வாளியிலுள்ள கெட்டியான உப்புநீரில் இட்டு, பின் ஆழப் புதையுங்கள்.

ஆனால் முதலில் அடையாளம் காணுங்கள். ஹவாய்த் தீவுகளில் 1955இல் இப்பெருநத்தையை ஒழிக்கவென்று, நத்தை தின்னும் வேறொரு நத்தையைக் கொணர்ந்தனர். அது பெருநத்தையை விட்டுவிட்டு, அத்தீவுகளுக்கே உரிய சின்னஞ்சிறு நத்தைகளைத் தின்றது. அவற்றுள் பல இன்று உலகில் இல்லை. நம் நாட்டு நத்தையும் சில வேளை தளிரைக் கடிக்கும். எனினும் செம்போத்துக்கும் மின்மினியின் புழுவுக்கும் இரையாகி, இம்மண்ணின் கணக்கில் நெடுங்காலமாக வரவு செலவு வைத்திருப்பது அது.

அன்று பாட்டி கூம்பு நத்தையை மட்டும் உப்புநீரில் இட்டார். தட்டை நத்தையைச் சிறுவன் ஓர் இலையில் ஏந்திச் சென்று, ஈரமான மதிலடியில் விட்டான். அது கொம்புகளை மெல்ல நீட்டி, தன் வழியே சென்றது.