கப்பலேறிய ஜனங்களும் நாம் எழுதும் சொற்களும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் சீமையிலிருந்து கடல் கடந்து போனவர்களைப் பற்றி எழுதப் போவதாக நம் மாணவர்கள் சிலர் சொன்னார்கள். சந்தோஷம். தலைப்பு என்னப்பா என்றேன். "அடிமைக் கப்பலில் நம் முன்னோர்" என்றார்கள். எந்தக் கப்பல் தம்பி என்று கேட்டேன்.

அடிமைக் கப்பல் நம் கரையிலிருந்தும் போயிருக்கிறது. 1658-இல் நாகப்பட்டினத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள், அடுத்து வந்த தஞ்சைப் பஞ்சத்தில் ஆயிரக்கணக்கானோரை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றினார்கள். அங்கே அந்தச் சொல்லைத் தயங்காமல் போடலாம்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 342 பேரோடு புறப்பட்டு, நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் வேறு. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை 1834-இல் சட்டப்படி ஒழிந்தது. அப்புறம் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்க வந்த ஏற்பாடு இது. ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், சாப்பாட்டுச் சாமான் தனி. ஆனால் சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் குற்றம்! ஹியூ டிங்கர் என்ற ஆய்வாளர் 1974-இல் இதைப் புதுவகை அடிமை முறை என்றே தம் நூலுக்குப் பெயர் வைத்தார். அவர் காட்டும் கொடுமைகளை நான் மறுக்கவில்லை. ஆனாலும் நாம் 'ஒப்பந்தத்தில் பிணைக்கப்பட்டவர்கள்' என்று எழுதி, அந்தப் பிணைப்பு எப்படி இருந்தது என்பதை விவரமாகச் சொல்வதே சரி என்பது என் கட்சி. விவரம் சொல்லாமல் கனமான வார்த்தையை மட்டும் போட்டால் படிக்கிறவன் 'ஐயோ பாவம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவான்.

'கூலி' இன்னும் சிக்கல். நம்ம ஊரில் "கூலிக்குப் போயிட்டு வரேன்" என்பதில் அவமானம் கிடையாது, அது சம்பளம். தென்னாப்பிரிக்காவில் அதே சொல் வசவு. காந்தியையே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். நாம் வெள்ளந்தியாக எழுதுவதை அங்கேயிருக்கும் பேரப் பிள்ளைகள் படித்தால் நெஞ்சில் தைக்கும்.

அடுத்தது, யாரைப் பற்றி எழுதுவது? 1781-இல் 'ஸாங்' என்ற அடிமைக் கப்பலில் 130 பேருக்கு மேல் உயிரோடு கடலில் தள்ளப்பட்டார்கள். உடைமைக்காரர்கள் சரக்கு நஷ்டம் என்று இன்ஷூரன்ஸ் கேட்டு வழக்காடினார்கள். ஏட்டை எழுதியவன் ஏற்றியவன். அவன் கணக்கைப் பார்த்து நாமும் கேப்டன் பெயர், கப்பலின் டன் என்று பக்கத்தை நிரப்பினால், ஏறியவன் இன்னொரு தடவை சரக்காகிவிடுவான்.

நல்லவேளையாக நேட்டால் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் உண்டு. 1911 வரை போன சுமார் 1,52,000 பேரில் தேட வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. அது பிறந்ததே 1995-இல். திருச்சினாப்பள்ளி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா என்று பாருங்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியிருப்பான். வாய்விட்டுப் படித்தால்தான் ஊர் பிடிபடும். படையாச்சி என்பது அங்கே இன்றும் குடும்பப் பெயர். அதற்காக, பெயரைக் கண்டதும் 'நம்மாளு' என்று எழுதிவிடாதீர்கள். ஆற்காட்டுப் பக்கமிருந்தும் ஏராளமானோர் போயிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் டர்பன், பினாங்கு முத்திரையோடு பழைய கடுதாசி கிடந்தால், நகல் எடுத்து நம் வரலாற்றுத் துறைக்குக் கொடுங்கள். பையன்கள் பொங்கலுக்குப் பிறகு எழுத உட்காருகிறார்கள்.