இரண்டாம் முறை எழுதினேன்



நான் நர்ஸ். அமெரிக்காவில் வேலை பார்க்க என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு எழுதணும். குழுவில் உள்கடன் வாங்கி எழுதினேன். ஃபெயில். கடன் கொடுத்தவங்க முகத்தில் எப்படி விழிக்கிறதுன்னு இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. ஊக்குநர் அக்கா வீட்டுக்கே வந்தாங்க. “தவணை கேக்க வரல. எதுல விட்டேன்னு பாத்தியா?” என்றார்.

அதன் பிறகுதான் ஃபெயிலானவர்களுக்கு வரும் அறிக்கையைப் பிரித்துப் பார்த்தேன். எந்தப் பகுதியில் குறைவு என்று அதில் தெளிவாக இருந்தது. எனக்கு மருந்துகள்; அடுத்தது, எந்த நோயாளியை முதலில் பார்ப்பது என்ற கேள்விகள்.

மறுபடி எழுத 45 நாள் காத்திருக்கணும். புத்தகத்தை முதலிலிருந்து படிக்கவில்லை. விடிகாலை 4 மணிக்கு எழுந்து, தினமும் 50 கேள்வி போட்டேன். தப்பானது ஏன் தப்பு என்று நோட்டில் எழுதினேன். வலியில் கத்துகிறவரா, சத்தமில்லாமல் மூச்சுத் திணறுகிறவரா, முதலில் யார்? திணறுகிறவர்தான்.

இரண்டாம் முறை பாஸ். தவணையும் நடக்குது.

உங்க குழுவிலும் யாராவது சத்தமில்லாமல் வராமல் இருந்தால், முதலில் அவங்க வீட்டுக்குப் போங்க.