வாடகைக்கு இருப்பவருக்கும் தூக்கம் வேண்டும்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)



நான் இங்கே வாடகைக்கு இருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு மேல்வீட்டில் நாற்காலி இழுபட்டால், சொந்த வீட்டுக்காரர் மாடியேறிப் போய்க் கேட்டுவிடுவார். எங்களுக்குத் தயக்கம். பிரச்சினை ஓனர் காதுக்குப் போனால், பதினொரு மாதம் முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டாரோ என்ற பயம்.

ஆனால் சட்டத்தில் இந்தப் பேதம் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45.

அதற்காக எடுத்தவுடன் சட்டம் பேச வேண்டாம். நம் வீட்டுச் சத்தம் கீழே கேட்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. பகலில் நேரில் போய்ச் சொல்லுங்கள். நடுராத்திரியில் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி, வாஷிங் மெஷினுக்கு அடியில் ரப்பர் விரிப்பு. பாதிச் சண்டை அதிலேயே தீரும்.

தீராவிட்டால் தேதி, நேரம் குறித்துச் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி அலறினால் 100-ஐ அழைக்கலாம்.

சங்கத்துக்கு ஒரே வேண்டுகோள். வாடகைக்காரர் புகார் கொடுத்தால், "ஓனரைப் பேசச் சொல்லுங்கள்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அந்த வீட்டில் படுத்துத் தூங்குவது ஓனர் அல்ல, நாங்கள்தான்.