ஆட்டத்தை அடியிலேயே அடக்குவோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

சேமிப்பு, உள்கடன், தவணை என்று மாதாமாதம் பேசுகிறோம். இன்றைக்கு நம் வீட்டு மெஷின்கள் போடுகிற ஆட்டத்தையும் சத்தத்தையும் பற்றிப் பேசுவோம். "இதெல்லாம் ஒரு விஷயமா அக்கா?" என்று கேட்காதீங்க. விஷயம்தான்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு நம் ஊர்களில் மெஷின் இல்லாத சமையலறை குறைவு. குழுக்கடன் வாங்கிப் பெரிய கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறோம். பவர் மெஷின் போட்டுத் தைக்கிறோம். ஆனால் நம் வீடுகள் எப்படி இருக்கின்றன? மண்டபமானாலும், பாம்பனானாலும், தங்கச்சிமடமானாலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். இங்கே கிரைண்டர் ஓடினால் பக்கத்து வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடுகிறது. முதலில் முகச்சுளிப்பு, அப்புறம் சண்டை, கடைசியில் வீட்டுக்காரர், "மெஷினை எடு, இல்லாட்டி வீட்டைக் காலி பண்ணு" என்கிறார். மெஷின் நின்றால் வருமானம் நிற்கும். ஆனால் தவணை நிற்குமா? நிற்காது.

நாட்டுச் சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது அளவு. ஆனால் நம் கடற்கரைக்கு இது மட்டும் போதாது. இரவெல்லாம் கடலில் கிடந்து காலையில் கரை திரும்பியவர் பகலில்தான் கண்ணயர முடியும். அவர் வீட்டுச் சுவரை நம் மெஷின் உலுக்கலாமா?

சத்தம் இரண்டு வழியில் போகிறது. ஒன்று காற்று வழி. மிக்சி ஜாரின் இரைச்சல் அப்படித்தான் காதுக்கு வருகிறது. இன்னொன்று தரை வழி. மெஷினின் கால் தரையை உதைக்கிறது, தரை சுவரை ஆட்டுகிறது, சுவர் மேளத்தோல் மாதிரி அதிர்கிறது. இந்த இரண்டாவது வழியைத்தான் நாம் மலிவாக அடைக்க முடியும். மெஷின் காலுக்கும் தரைக்கும் நடுவே ரப்பர் பேடு வைத்தால் போதும்.

இது புதுசு இல்லை. ராமநாதபுரத்தில் ரயில் ஏறும்போது தண்டவாளத்தைக் கவனிச்சுப் பாருங்க. தண்டவாளத்துக்கும் கீழே உள்ள சிமெண்ட் கட்டைக்கும் நடுவே ஒரு சின்ன ரப்பர் தகடு இருக்கும். இரும்பு நேராகச் சிமெண்டை இடித்தால் கட்டை விரிசல் விடும். அந்த இடியை ரப்பர் வாங்கிக்கொள்கிறது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் மேல் ரயில் எவ்வளவு மெதுவாகப் போகும் என்பது நமக்குத் தெரியும். ஆட்டத்துக்குப் பயந்ததும் அந்த மெதுவுக்கு ஒரு காரணம். அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. பாலத்துக்கே ஆட்டம் ஆகாது என்றால் நம் ஓட்டு வீட்டுச் சுவருக்கு ஆகுமா?

பேடு வாங்குமுன் மெஷினைப் பாருங்க. பேடு மருந்து மாதிரி. நோய் என்ன என்று தெரியாமல் மருந்து போடக்கூடாது.

முதலில், நான்கு காலும் சமமாகத் தரையைத் தொடுகிறதா? மூலைக்கு மூலை அமுக்கிப் பார்த்தால் தெரியும். ஒரு கால் தூக்கி நின்றால் அதுதான் முதல் குற்றவாளி.

இரண்டாவது, நட்டு போல்ட். நம் ஊர் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. துருப்பிடித்துத் தளர்ந்த போல்ட்டை மாற்றுங்கள்.

மூன்றாவது, பெல்ட்டும் பேரிங்கும். 'கீச்' என்று கத்தினாலோ, கரகர என்று அரைத்தாலோ மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதற்குப் பேடு பதில் இல்லை.

வாஷிங் மெஷினில் இன்னொன்று உண்டு. முன்பக்கம் கதவு உள்ள மெஷின் புதிதாக வரும்போது, வழியில் டிரம் ஆடாமல் இருக்க பின்பக்கம் நீளமான போல்ட் போட்டிருப்பார்கள். ஓட்டுவதற்கு முன் அதைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் ஓட்டினால் மெஷின் நடனம் ஆடும். ஒரே ஒரு கனத்த போர்வையை மட்டும் போட்டுப் பிழிந்தாலும் பாரம் ஒரு பக்கமாய்ச் சேர்ந்து ஆடும்.

பவர் தையல் மெஷினில் தலைப்பகுதி உட்காரும் மூலைகளில் ரப்பர் இருக்கும். காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். பழைய கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் ஓடும். சத்தமும் கரண்டும் மிச்சம்.

இதெல்லாம் சரி செய்த பிறகு பேடு. எந்தப் பேடு? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பேடு மெஷினின் பாரத்தில் கொஞ்சம் அமுங்க வேண்டும். கல் மாதிரி அமுங்காமல் நின்றால் ஆட்டம் அப்படியே கீழே இறங்கும். ஸ்பாஞ்ச் மாதிரி முழுசாக நசுங்கிப் போனாலும் பயன் இல்லை. அமுங்கணும், ஆனால் நசுங்கக் கூடாது. இதுதான் கணக்கு. ஹார்டுவேர் கடையில் கனமான ரப்பர் பேடு கேளுங்கள். நான்கு காலுக்கும் ஒரே ரப்பர், ஒரே கனம். ஒரு காலுக்கு டயர் துண்டு, இன்னொரு காலுக்குச் சாக்கு என்று வைத்தால் மெஷின் சாய்ந்துதான் ஆடும். எண்ணெய் பட்டால் சாதாரண ரப்பர் ஊதிக் கெடும். அதனால் தையல் மெஷின் எண்ணெய் சிந்தினால் உடனே துடையுங்கள். பேடு அடியில் மணல் சேராமல் கூட்டுங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். சுவரை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மூலையில் திணிக்காதீர்கள், மூலை சத்தத்தைப் பெருக்கும். மாடி வீடாக இருந்தால் தளத்தின் நடுவில் வைக்காமல் உத்திரம் இருக்கிற பக்கமாக வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "ரப்பர் மேல்தானே நிற்கிறது, இனி ஷாக் அடிக்காது" என்று நினைத்து மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றவே கூடாது. ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடுகிற நமக்கு எர்த் கம்பிதான் உயிர்க்காவல்.

பேடு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? மெஷின் பக்கத்தில் தரையில் ஒரு டம்ளர் தண்ணீர் வையுங்கள். பேடு இல்லாமல் ஓட்டித் தண்ணீரில் எழும் வளையங்களைப் பாருங்கள். பேடு வைத்து ஓட்டி மறுபடி பாருங்கள். தண்ணீர் பொய் சொல்லாது. பிறகு பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, அவர்கள் பக்கச் சுவரில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

பேடு எல்லாச் சத்தத்தையும் நிறுத்தாது. காற்று வழியே போகும் இரைச்சல் போய்க்கொண்டுதான் இருக்கும். அதற்கு நேரம்தான் மருந்து. சுற்றிலும் யார் எப்போது தூங்குகிறார்கள், எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை என்று கேட்டு அரைக்கும் நேரத்தை வையுங்கள். கேட்பதில் நமக்குக் குறைவு ஒன்றும் இல்லை. கேட்ட வீட்டிலிருந்தே நாளைக்கு மாவு வாங்க வருவார்கள்.

அடுத்த குழுக்கூட்டத்தில் இதை ஒரு பொருளாகத் தீர்மான நோட்டில் எழுதுவோம். மெஷின் கடன் கொடுக்கும்போதே பேடுக்கான தொகையையும் சேர்த்துக் கொடுப்போம். தொழிலும் நடக்கட்டும், பக்கத்து வீட்டு உறவும் நிலைக்கட்டும். செய்வோமா சகோதரிகளே?