இயந்திரம் யாரை நாடி முதலில் வருகிறது?

(சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விஞ்ஞானச் செய்திகளைப் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் என்னைப் பணித்தனர். நான் வரலாறு பயின்ற பட்டதாரி. பள்ளியிறுதித் தேர்வோடு எனக்கும் விஞ்ஞானப் பாடத்திற்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. ஆயினும் நாள்தோறும் செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கும் பழக்கம் உடையவன் என்ற ஒரே தகுதியால் இம்மேடையில் நிற்கிறேன். பண்டிதர் அயோத்திதாசர் 1907ஆம் ஆண்டில் தொடங்கிய வார இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயரிட்டார். விலையையே பெயரில் வைத்தார். இதழை வாங்கிப் படிக்க இயலாதவன் நம்மில் ஒருவனும் இருத்தலாகாது என்பது அவர் கருத்தென்று நான் கொள்கிறேன். எனவே படிக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. படித்ததை நம் தெருவில் நின்றுகொண்டு எடைபோட்டுப் பார்க்கும் வழக்கந்தான் இன்னும் வலுப்பெற வேண்டும்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் மாலை ஆறு மணி கடந்து சில நிமிடங்களில் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியருகே இறங்கியதை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். எங்கள் பள்ளியில் வகுப்பு முடிந்த பின்னரும் மாணவர்களை இருத்தி, பெரிய திரையில் அக்காட்சியைக் காட்டினோம். பெற்றோர் சிலரும் வந்திருந்தனர். கலம் தரையைத் தொட்டபோது எழுந்த ஆரவாரம் ஓட்டுக் கூரையைப் பிளந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ பெற்று, பின்னர் படிப்படியாக முனைவர் பட்டம் வரை உயர்ந்தவர் என்பதை மாணவர்களுக்கு நான் எடுத்துச் சொன்னேன்.

அன்று ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் வரவில்லை. கணக்கில் கெட்டிக்காரன். மறுநாள் விடுப்புக் கடிதம் கொண்டுவந்தான். காய்ச்சல், வயிற்றுவலி, பாட்டி மரணம் என்று எழுதுவதே நம் பள்ளிகளின் மரபு. இவனோ உள்ளதை எழுதியிருந்தான். "அப்பாவுக்குக் கயிறு பிடிக்கச் சென்றேன்" என்பது அவன் வாசகம். தந்தை கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்பவர். அவர் உள்ளே இறங்கினால் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை மேலே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். வழக்கமாகப் பிடிப்பவர் அன்று ஊரில் இல்லை. அக்கடிதத்தில் கையொப்பமிட எனக்கு மனம் வரவில்லை. மாலையில் அவர்கள் வீட்டிற்குச் சென்றேன்.

"மோட்டார் வைத்து உறிஞ்சும் வண்டி ஊரில் இருக்கிறதே, அண்ணே, நீங்கள் ஏன் இறங்குகிறீர்கள்?" என்று கேட்டேன். "அந்தச் சந்துக்குள்ளே வண்டி நுழையாது, சார். நுழைந்தாலும் வண்டிக்காரர் கேட்பது எனக்குக் கொடுப்பதைப் போல மூன்று பங்கு. அடியில் இறுகிய சேற்றை எடுக்க அப்புறமும் ஆள்தான் இறங்கவேண்டும்" என்றார். பொருளாதாரம் பற்றி நான் படித்த எத்தனையோ கட்டுரைகளைவிட இச்சொற்கள் எனக்கு அதிகம் விளக்கின.

இவ்விடத்தில் எங்கள் விஞ்ஞான ஆசிரியையிடம் கேட்டறிந்த ஒரு செய்தியைச் சற்று விரித்துக் கூற விரும்புகிறேன். இங்குள்ள தாய்மார்கள் அருள்கூர்ந்து கவனமாகக் கேட்க வேண்டும். மூடிய தொட்டியிலும் சாக்கடையிலும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு உண்டாகிறது. காற்றைவிடக் கனமானது, ஆகவே அடியிலே தங்கும். சேற்றைக் கிளறும்போது திடீரென்று பெருமளவில் வெளிப்படும். சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டையின் நாற்றம் அடிக்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு என்னும் அளவை எட்டும்போதே அது மோப்ப நரம்பை மரத்துப்போகச் செய்துவிடுகிறது. நாற்றம் நின்றுவிடும். "வாடை போய்விட்டது, இனி இறங்கலாம்" என்று நம்மவர் சொல்லும் வேளை பல சமயங்களில் மரணத்திற்கு மிக அருகிலுள்ள வேளை. அளவு மேலும் பன்மடங்கு ஏறினால் ஓரிரு மூச்சிலேயே மனிதன் சாய்ந்துவிடுவான். சாய்ந்தவனைத் தூக்க இறங்குபவனுக்கும் அதே கதி. செய்தித்தாளில் இத்தகைய சாவுகள் இரண்டிரண்டாக, மும்மூன்றாக வருவதன் காரணம் இதுவே. தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கும் வழக்கமும் கேடானது. மீத்தேன் இருந்தால் தொட்டியே வெடிக்கும். நாட்டிலே கையடக்கமான வாயு அளவி விற்பனையாகிறது. நம் தெருவில் அதைக் கண்ணால் கண்டவர் எத்தனைபேர்?

நிலவுக்குச் செலவிட்ட பணத்தைச் சாக்கடைக்குச் செலவிட்டிருக்கலாகாதா என்று மேடைகளிற் பேசுவோர் உண்டு. கைதட்டல் கிடைக்கும் பேச்சு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சந்திரயான்-3 திட்டத்தின் செலவு ஏறத்தாழ 615 கோடி ரூபாய். நம்மைப் போன்றதொரு பெருநாட்டின் வரவுசெலவில் அது சிறு தொகை. தவிரவும், தொட்டியை உறிஞ்சும் பம்புக்கு எந்தப் புது விஞ்ஞானமும் வேண்டியதில்லை. கேரளத்து இளம்பொறியாளர்கள் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி வேலை செய்யும் 'பாண்டிகூட்' என்னும் ரோபோவையே உருவாக்கி, அது 2018இல் திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்துவிட்டது. பணமும் அறிவும் இருந்தும் இயந்திரம் நம் சந்துக்கு வரவில்லையென்றால் காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும்.

ஆக்ஸ்போர்டு வரலாற்றறிஞர் ராபர்ட் ஆலன் 2009இல் ஒரு நூல் எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் தொழிற்புரட்சி ஏன் இங்கிலாந்தில் தொடங்கியது என்பது அவர் வினா. அங்கே கூலி உயர்வு, நிலக்கரி மலிவு. ஆகவே நூற்கும் இயந்திரம் வாங்கியவனுக்கு இலாபம் கிடைத்தது. கூலி மலிந்த நாடுகளில் அதே இயந்திரத்தால் இலாபமில்லை என்பது அவர் விடை. எல்லா வரலாற்றறிஞரும் இதை ஒப்புவதில்லை. எனினும் நான் சந்தித்த அந்தத் தந்தை ஒப்புவார். மனிதன் மலிவாகக் கிடைக்கும் இடத்திற்கு இயந்திரம் வருவதில்லை. நம் நாட்டில் மனிதனை மலிவாக்கி வைத்திருக்கும் ஏற்பாட்டிற்குப் பெயர் சாதி.

இயந்திரம் வந்தாலே விடுதலை என்றும் எண்ணிவிடாதீர்கள். 1793இல் அமெரிக்காவில் எலி விட்னி பருத்திக் கொட்டை நீக்கும் இயந்திரத்தைச் செய்தார். கையால் நாளெல்லாம் பிரித்தாலும் ஒரு பவுண்டு பஞ்சு தேறுவது அரிது. இயந்திரமோ ஐம்பது பவுண்டு தந்தது. அடிமைகளின் பாடு குறைந்ததா? பருத்தி பெருலாபப் பயிராகிவிட்டதால் பயிரிடவும் பறிக்கவும் மேலும் மேலும் அடிமைகளை வாங்கினர். 1790இல் ஏறத்தாழ ஏழு லட்சமாயிருந்த அடிமைகள் 1860இல் நாற்பது லட்சத்தை நெருங்கினர். கொட்டையை நீக்க இயந்திரம் வந்தது. பஞ்சைப் பறிக்க வரவில்லை.

பறிக்கும் வேலை எப்படி மாறியது என்பதில் நமக்கொரு பாடமுண்டு. அடிமை முறை ஒழிந்த பின்னும் மிசிசிப்பி ஆற்றங்கரையில் கறுப்பின மக்கள் குத்தகைக் கடனில் கட்டுண்டு அதே வயல்களில் உழைத்தனர். 1927இல் அந்த ஆறு கரையுடைத்துப் பெருக்கெடுத்தது. கிரீன்வில் நகரில் படகுகள் வந்து நின்றும் கறுப்பின மக்களை ஏற்றிச் செல்லத் தோட்ட முதலாளிகள் இடந்தரவில்லை. போனவர்கள் திரும்பமாட்டார்கள் என்று அஞ்சினர். ஆனாலும் வெள்ளம் வடிந்தபின் பெருந்தொகையினர் வெளியேறினர். இவ்வரலாற்றை ஹார்ன்பெக், சுரேஷ் நாயுடு என்னும் இரு பொருளியலறிஞர் ஆராய்ந்து 2014இல் கட்டுரை வெளியிட்டனர். அவர்களுள் பின்னவர், அண்ணல் அம்பேத்கர் பயின்ற கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் என்பதறிந்து எனக்கொரு தனி மகிழ்ச்சி. அவர்கள் கண்டது இதுதான்: வெள்ளத்தால் மக்கள் வெளியேறிய மாவட்டங்களில் நிலவுடைமையாளர் மற்ற மாவட்டத்தாரைவிட மிகுதியாக இயந்திரங்களுக்கு மாறினர். ஆட்கள் போனார்கள், இயந்திரம் வந்தது. இயந்திரம் வரட்டும், பிறகு போகலாம் என்று அவர்கள் காத்திருந்தால் அவர்தம் பேரப்பிள்ளைகளும் அங்கேயே குனிந்திருப்பர்.

ஆகவே புதிய ரோபோ பற்றிய செய்தியைக் கண்டு "இனி நம் துயர் தீர்ந்தது" என்று மகிழும் இளைஞர்களிடம் நான் அவ்வளவாக மகிழ்வதில்லை. சட்டத்தைப் பற்றிய செய்தி வந்தால் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறேன். 1993இல் ஒரு சட்டம் வந்தது. 2013இல் அதனினும் வலிய சட்டம் வந்தது. 2014 மார்ச்சில், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்திற்கும் பத்து லட்சம் ரூபாய் தரவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. உயிருக்கு விலை பேசுவதாவது என்று மனம் கூசும். எனக்கும் கூசுகிறது. ஆயினும் கணக்குப் பாருங்கள். மனிதனை இறக்குவது மலிவு என்பதால்தானே இறக்குகிறார்கள்? அந்தத் தொகை தவறாமல், தாமதமின்றி, இறக்கியவனிடமிருந்தே பெறப்படுமாயின், வண்டி வாங்குவது மலிவாகிவிடும். தவறாமல் என்ற சொல்லில்தான் இடர்ப்பாடு. எனக்குத் தெரிந்த ஒரு விதவை, கணவர் "தவறி விழுந்தார்" என்று எழுதப்பட்ட ஒரு தாளைத் திருத்தப் பல மாதம் அலுவலகப் படியேறினார். அவருக்கு மனு எழுதிக்கொடுத்தவர் இச்சங்கத்தின் மாலைப் பள்ளியில் படித்த பெண்.

தாய்மார் ஒருவர் என்னிடம் கேட்டார்: "இயந்திரம் வந்து இந்தக் கூலியும் போய்விட்டால் அடுப்புக்கு என்ன செய்வது?" நியாயமான கேள்வி. மேடையில் பேசுவோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இயந்திரம் எவனோ ஒருவனுடைய சொத்தாக வந்தால் அவர் அஞ்சுவதே நடக்கும். 2017இல் ஐதராபாத்தில் குறுகிய தெருக்களில் நுழையும் சிறிய அடைப்பு நீக்கும் வண்டிகளைக் கொண்டுவந்தபோது, அவற்றைத் தலித் தொழில்முனைவோர் கடன்பெற்று வாங்கிச் சொந்தமாக இயக்க வழி செய்தனர். சந்துக்குள் வண்டி நுழையாது என்பது கடவுள் விதித்த விதியன்று என்பதும் அங்கே மெய்ப்பட்டது. இயந்திரம் மனிதனுக்கு ஓய்வைத் தரும், ஓய்வின்றிப் பண்பாடு இல்லை என்று வாதிட்டவர் அண்ணல். அவர் இயந்திரத்தை வெறுக்கவில்லை. அது யாருக்குப் பயன்படுகிறது என்பதையே கேட்டார்.

பொருளாதாரச் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் நம் நாடு மொத்த உற்பத்தியில் பிரிட்டனை முந்தியது என்ற செய்தி கொட்டை எழுத்தில் வந்தது. முந்தியது மெய். தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் நம் பங்கு அவர்கள் பங்கில் ஏறத்தாழ இருபதில் ஒன்று. வகுத்தல் கணக்கை நான்காம் வகுப்பிலேயே கற்பிக்கிறோம். செய்தி படிக்கையில் அதை மறந்துவிடுகிறோம்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி எனக்குள்ள அச்சத்தையும் மறைக்க விரும்பவில்லை. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது முதல், கடிதம் எழுதுதல், கணக்குப் பதிதல், மொழிபெயர்த்தல் போன்ற வேலைகளை அது செய்துவிடும் என்று நாள்தோறும் படிக்கிறோம். என் தலைமுறையில் நம் தெருவிலிருந்து வெளியேறியவர் எவ்வழியாக வெளியேறினர்? தட்டச்சு லோயர், ஹையர் தேறி எழுத்தராயினர், வங்கியில் அமர்ந்தனர், என்னைப் போல் ஆசிரியராயினர். நாம் கால் வைத்து ஏறிய அந்தப் படிகளைத்தான் இயந்திரம் இப்போது முதலில் நாடி வருகிறது. அங்கே சம்பளம் உண்டல்லவா? தொட்டிக்குள் இறங்கும் வேலையை அது கடைசியில்தான் தொடும். ஆலன் சொன்ன கணக்கின்படி இது வியப்பில்லை. ஆனால் என் உறக்கத்தைக் கெடுக்கிறது. ஆதலால் விழாக்குழுவினரிடம் ஒரு விண்ணப்பம். நினைவு வளைவு கட்டுவதாகக் கேள்விப்பட்டேன். வளைவு இருக்கட்டும். மாலைப் பள்ளிக்கு நான்கு கணினிகளும், இத்தெருவில் இன்னும் இறங்குவோர் இருக்கும்வரை பொதுவில் ஒரு வாயு அளவியும் முதலில் வாங்குங்கள். அளவியை யார் வைத்திருப்பது, யார் பழுதுபார்ப்பது என்பதை எங்கள் விஞ்ஞான ஆசிரியை எழுதித் தந்திருக்கிறார். தாள் என்னிடம் உள்ளது.

கயிறு பிடிக்கச் சென்ற அந்த மாணவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் 91 மதிப்பெண் பெற்றான். இப்போது பாலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் படிக்கிறான். விடுமுறையில் வந்தபோது அவனைக் கண்டேன். இனிக் கயிறு பிடிக்கமாட்டேன், நீங்களும் இறங்கக்கூடாது என்று தந்தையிடம் சொல்லிவிட்டதாகக் கூறினான். தந்தையைக் கேட்டேன். "அவன் படிப்பு முடியட்டும், சார், விட்டுவிடுகிறேன்" என்றார். இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன.