தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்

(இஷா தொழுகைக்குப் பின் ஆண்களுக்காக நடந்த மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



நோட்டீஸில் "ஆண்கள் நலம்" என்று மட்டும் போட்டிருந்தோம். இப்போது தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கணவன் மனைவி உறவின்போது விறைப்பு வராமல் போவது, அல்லது வந்தும் நிலைக்காமல் போவது பற்றித்தான் இன்று பேசுகிறோம். டாக்டர்கள் இதை விறைப்புத்தன்மைக் குறைபாடு என்கிறார்கள். நம் ஊரில் ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி என்று காதோடு காதாகச் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் சபையில் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். அலி (ரலி) அவர்களுக்கு மதீ பற்றிய சட்டம் கேட்க வேண்டியிருந்தது. நபி (ஸல்) அவர்களின் மருமகன் என்பதால் நேரில் கேட்க வெட்கப்பட்டார்கள். ஆனால் கேட்காமல் விட்டுவிடவில்லை. மிக்தாத் (ரலி) அவர்களைக் கேட்கச் சொன்னார்கள். ரிஃபாஆவின் முன்னாள் மனைவி, தம் இரண்டாவது கணவரின் இந்தக் குறையை நபியவர்களிடமே வந்து சொன்னதும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. வெட்கம் நல்ல குணம்தான். அது சிகிச்சைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது.

குடும்பத் தகராறு என்று ஜமாஅத்துக்கு வரும்போது இரு வீட்டாரும் நகை, மாமியார், தனிக்குடித்தனம் என்று ஏதேதோ சொல்வார்கள். உண்மையான காரணம் கடைசியில்தான் வெளியே வரும். சில சமயம் வராமலே குல்உ வரை போய்விடும். ஆனால் நம் ஃபிக்ஹு என்ன சொல்கிறது? இந்தக் குறைக்காக மனைவி பிரிவு கேட்டால், காழி கணவனுக்கு ஓராண்டு அவகாசம் தர வேண்டும். நான்கு பருவங்களும் கடந்துபோகட்டும், நோயாக இருந்தால் அதற்குள் குணமாகலாம் என்று காரணமும் சொல்லியிருக்கிறார்கள். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்திலும், கணவன் விண்ணப்பித்தால் அதே ஓராண்டு அவகாசம் உண்டு. அந்த ஓராண்டு எதற்கு? வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதற்கா? வைத்தியம் பார்ப்பதற்குத்தான்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. விறைப்பு என்பது ரத்த ஓட்டத்தால் நடப்பது. அங்கே போகும் ரத்தக் குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்தின் குழாய் மூன்று நான்கு மில்லிமீட்டர். கொழுப்பு படியும்போது எது முதலில் அடைக்கும்? டேனரியில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, சின்ன பைப்தான் முதலில் அடைக்கும். அதனால்தான் நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் குறை தலைகாட்டுவது உண்டு. சர்க்கரை நோய் உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வருகிறது. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது. தமக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் இருப்பவர்களுக்கு, இந்தக் குறையே முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

எப்போது டாக்டரிடம் போவது? நைட் ஷிஃப்ட் முடித்து வந்த களைப்பிலோ, கடன் கவலையிலோ ஒன்றிரண்டு நாள் இப்படி ஆனால் பயப்பட வேண்டாம். வாரக்கணக்கில் தொடர்ந்தால் போய்விடுங்கள். மூன்று மாதம் ஆகியும் போகாமல் இருப்பது சரியல்ல. சர்க்கரை, பிரஷர், இதய நோய் உள்ளவர்கள், சிகரெட் பீடி பிடிப்பவர்கள் காத்திருக்கவே வேண்டாம். புதிதாக ஒரு மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்தால், அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த டாக்டரிடமே சொல்லுங்கள். மாடி ஏறும்போதோ நடக்கும்போதோ நெஞ்சு இறுக்கமும் சேர்ந்து இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். புதுமாப்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பதற்றம்தான் காரணம். அதிகாலையில் விறைப்பு வழக்கம்போல் இருந்தால் உடலில் பெரிய கோளாறு இல்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். அவர்களுக்கும் டாக்டரின் ஆலோசனை உதவும்.

போனால் என்ன செய்வார்கள்? பிரஷர் பார்ப்பார்கள். சர்க்கரை, கொழுப்பு, தேவைப்பட்டால் ஹார்மோன் அளவுக்கு ரத்தம் எடுப்பார்கள். முதலில் உங்கள் வழக்கமான டாக்டரே போதும். அவர் தேவை என்றால் யூராலஜிக்கு அனுப்புவார். ஷூ கம்பெனியில் இருப்பவர்கள் இ.எஸ்.ஐ. அட்டையைப் பயன்படுத்தலாம். மற்றவர்களுக்கு அரசு மருத்துவமனை, அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சி.எம்.சி. எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. வாய் வரவில்லை என்றால் ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள்.

லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்ப்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மூலிகை என்று விற்கும் பொடிகளில் ஆங்கில மாத்திரையைக் கலந்திருப்பது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. சில்டெனாஃபில் மாத்திரையும் மருந்துக் கடையில் நீங்களாக வாங்கக் கூடாது. நெஞ்சுவலிக்காக சார்பிட்ரேட் போன்ற மாத்திரை எடுப்பவர் இதையும் போட்டால் பிரஷர் திடீரென விழுந்து உயிருக்கே ஆபத்து. டாக்டர் தந்த மாத்திரையாக இருந்தாலும், விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

இதை வீட்டில் வாசிக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. கணவர் விலகிப் படுத்தால் உங்களைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். குத்திக் காட்டாமல், "வாங்க, சுகர் டெஸ்ட் எடுத்துட்டு வரலாம்" என்று கூட்டிப் போங்கள். தாய்மார்களே, குழந்தை இல்லை என்று மருமகளை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பாதீர்கள், மகனையும் அனுப்புங்கள்.

நோய்க்கு மருந்து தேடுங்கள் என்பது நபிவழி. எந்த டாக்டரிடம் போவது என்று தெரியாதவர்களும், செலவுக்கு வழியில்லாதவர்களும் அறக்கட்டளை அலுவலகத்துக்குத் தனியாக வாருங்கள். என்ன நோய் என்று கேட்க மாட்டோம், டாக்டரின் சீட்டு போதும். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும் குடும்பங்களில் நிம்மதியையும் தருவானாக. ஆமீன்.

வஆகிர் தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.