நம்ம குழு நோட்டும் ஒரு சாட்சிதான்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வீட்டு இன்சூரன்ஸ் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் பத்தாவது படிச்சவ. வீட்டையும் ரெண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கிட்டு, குழுவுக்குக் கணக்கு எழுதுறவ. சட்டம் பேச வரலை. ஒரே ஒரு விசயம் சொல்ல வந்திருக்கேன். வீடு இடிஞ்ச பிறகு கம்பெனி சொல்ற தொகை முடிஞ்ச முடிவு இல்லை. அதை வரி வரியாப் பிரிச்சுக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்கிறதுக்கான ஆதாரத்துல பாதி நம்ம குழு நோட்டுலயே இருக்கு.

2023 டிசம்பர் 17, 18 மழையை இங்க யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. நம்ம மாவட்டத்துல ஒரு வருசம் முழுக்கப் பெய்யுற மழையை விட அது அதிகம். ஸ்ரீவைகுண்டத்துல பயணிகளோட ரயிலே நின்னு போச்சு. நம்ம பக்கம் மானாவாரிக் காடு. மழைக்கு ஏங்குற பூமி. அந்தப் பூமியிலதான் எங்க ஊர்க் கம்மா உடைஞ்சு, வீட்டுக்குள்ள மூணு நாள் தண்ணி நின்னுச்சு. மேற்குச் சுவரு சரிஞ்சது. அடுப்படி ஓடு மொத்தமும் இறங்கிருச்சு. தரை அமுங்கி வெடிச்சுப் போச்சு.

அது 2021-ல வங்கிக் கடன் வாங்கிக் கட்டின வீடு. கடனோட சேர்த்து 6 லட்சத்துக்குப் பாலிசி போட்டிருந்துச்சு. பாலிசி பேரு பாரத் கிருஹ ரக்ஷா. இது ஒரு கம்பெனியோட சரக்கு இல்லை. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1-ஆம் தேதியில இருந்து எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி விற்கணும்னு கொண்டு வந்தது. தீ, இடி, புயல், வெள்ளம் எல்லாம் இதுல அடங்கும். வீட்டுக்கு எவ்வளவுக்குப் பாலிசியோ அதுல நூத்துக்கு 20, உச்சமா 10 லட்சம் வரைக்கும், வீட்டுச் சாமான்களுக்கும் தானாவே சேரும். எங்களுக்கு அது 1,20,000.

தண்ணி வடிஞ்ச அன்னைக்கே போன்ல தகவல் சொன்னோம். சுத்தம் பண்ணுறதுக்கு முன்னால ஒவ்வொரு சுவரையும், தண்ணி நின்ன கோட்டையும், நனைஞ்ச சாமானையும் செல்போன்ல படம் எடுத்து வச்சோம். இன்ஜினியரைக் கூப்பிட்டு எஸ்டிமேட் வாங்கினோம். வீட்டுக்கு 3,20,000, சாமானுக்கு 80,000, ஆக 4,00,000 கேட்டு எழுதினோம்.

கம்பெனி சர்வேயரை அனுப்புச்சு. சர்வேயர்னா நிலம் அளக்கிறவர் இல்லை, நஷ்டத்தை மதிப்புப் போடுறவர். ரெண்டு மாசம் கழிச்சு வந்த தாள்ல 1,68,000-னு ஒரே ஒரு தொகை இருந்துச்சு. கூடவே ஒரு ரசீது. "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு அதுல கையெழுத்துப் போடணும்.

வீட்டுல என்ன பேச்சு நடந்திருக்கும்னு உங்களுக்குத் தெரியும். சுவரு இருந்த இடத்துல தார்ப்பாய் கட்டி, வயசுக்கு வந்த பிள்ளையை வச்சுக்கிட்டு ராத்திரி தூங்குற வீடு. "வந்ததை வாங்கிச் சுவத்தை எடுத்துருவோம், பெரிய கம்பெனியோட நம்மால மல்லுக்கட்ட முடியுமா?"ன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார். அவர் கேட்டதுல தப்பில்லை. நான் சொன்னது இதுதான்: "தீப்பெட்டி ஆபீஸ்ல ஒரு கட்டு குறைச்சு எழுதினாலே எந்தக் கட்டுன்னு கேட்போம். 2,32,000 குறைஞ்சிருக்கு. எதுல குறைஞ்சதுன்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுவோம்."

சர்வேயர் அறிக்கையோட நகல் வேணும்னு பதிவுத் தபால்ல எழுதினேன். கேட்டா கொடுக்கணும்கிறது விதி. வந்துச்சு. குழுக் கூட்டத்துல எல்லாரும் சுத்தி உட்கார்ந்து, வரவு செலவு பார்க்கிற மாதிரியே பார்த்தோம். மூணு இடத்துல வெட்டியிருந்தாங்க.

முதல் வெட்டு, தரை. 90,000 முழுசா இல்லைன்னுட்டாங்க. காரணம், "கரிசல் மண்ணின் இயல்பான அசைவு". கரிசல் தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா வெடிக்கும். அது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். புதுக் கட்டடம் வழக்கமா இறங்கி விழுற வெடிப்புக்குப் பாலிசியில பணம் கிடையாது, அதுவும் உண்மை. ஆனா ரெண்டு கோடை தாண்டியும் வெடிக்காத தரை, மூணு நாள் வெள்ளம் நின்ன பிறகு வெடிச்சா அது எதனால?

ரெண்டாவது வெட்டு, "குறைந்த காப்பீடு". இன்னைக்கு இந்த வீட்டைக் கட்ட 10 லட்சம் ஆகும், பாலிசி 6 லட்சத்துக்குத்தான், அதனால நஷ்டத்துல நூத்துக்கு 60தான் தருவோம்னு போட்டிருந்தாங்க. தரை போக மீதி 2,30,000, அதனால 1,38,000 ஆயிருச்சு. எங்க கூட்டமைப்புக் கணக்காளர் தங்கச்சி பாலிசித் தாளைப் பொறுமையா வாசிச்சா. இந்தப் பாலிசியில குறைந்த காப்பீடுன்னு சொல்லி விகிதம் போட்டு வெட்டக் கூடாது, பாலிசித் தொகை வரைக்கும் முழு நஷ்டத்தையும் தரணும்னு அதுலயே இருக்கு. அவங்க கொடுத்த தாளே அவங்களுக்குப் பதில் சொல்லுச்சு.

மூணாவது வெட்டு, சாமான். பில்லு இருந்த பிரிட்ஜுக்கும் டிவிக்கும் 30,000. மீதி 50,000-க்குப் பில்லு இல்லைன்னு தள்ளிட்டாங்க. வெள்ளத்துல போன வீட்டுல பில்லு எங்க இருக்கும்? இந்த இடத்துலதான் நம்ம நோட்டு வந்துச்சு. தையல் மெஷினுக்கு 15,000, கிரைண்டருக்கு 10,000 குழுக்கடன் வாங்கினது தீர்மானப் புத்தகத்துல தேதியோட, பத்துப் பேர் கையெழுத்தோட இருக்கு. தவணை கட்டினது பேரேட்டுல இருக்கு. 2023 அக்டோபர் மாசக் குழுக் கூட்டம் எங்க வீட்டு முன்னறையில நடந்துச்சு. அந்தப் போட்டோவுல வெடிப்பில்லாத தரை தெரியுது, மூலையில தையல் மெஷினும் தெரியுது.

இதையெல்லாம் வச்சு ஒரு கடிதம் எழுதினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பத்தி. கடைசியில, "நீங்கள் ஒத்துக்கொண்ட தொகையை முதலில் கொடுங்கள். மீதிக்கு எனக்கு ஆட்சேபணை உண்டு. முழுத் திருப்தி என்று கையெழுத்திட மாட்டேன்" என்று முடிச்சேன். கம்பெனியோட குறைதீர்ப் பிரிவு விகித வெட்டை எடுத்துட்டு 2,60,000-க்கு ஒத்துக்கிட்டது. அந்தப் பணத்துல சுவரு எழும்புச்சு. தரையும் சாமானும் முடியாதுன்னுட்டாங்க.

அதுக்கு அப்புறம் சென்னை அண்ணா சாலையில இருக்கிற காப்பீட்டு ஓம்பட்ஸ்மேன் அலுவலகத்துக்கு எழுதினேன். இதை எல்லாரும் குறிச்சு வச்சுக்கோங்க. முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார் கொடுத்திருக்கணும். ஒரு மாசத்துல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் சரியில்லைன்னாலோ, ஒரு வருசத்துக்குள்ள ஓம்பட்ஸ்மேனுக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் வரைக்கும் கேட்கலாம். அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், நமக்குப் பிடிக்கலைன்னா நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை. ஆனா நுகர்வோர் ஆணையத்துல முதல்லயே வழக்குப் போட்டுட்டா ஓம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார்.

விசாரணை வீடியோவிலேயே நடந்துச்சு. நான் தமிழ்லதான் பேசினேன். தீர்மானப் புத்தகத்தைக் கேமராவுக்கு நேரா விரிச்சுக் காட்டினேன். தையல் மெஷினுக்கும் கிரைண்டருக்கும் முழுசா 25,000 கிடைச்சது. பீரோ, கட்டில், பாத்திரத்துக்கு ஆதாரம் இல்லைன்னு 25,000 கிடைக்கலை. தரையில, சரிஞ்ச சுவத்தை ஒட்டின பகுதிக்கு மட்டும் 40,000 வந்துச்சு. ஆக மொத்தம் 3,25,000. கேட்டது 4,00,000, அதுல 75,000 வரலை. ஆனா முதல்ல நீட்டின தாளை விட 1,57,000 கூட வந்திருக்கு. அது தபால் செலவுக்கு வந்த பணம்.

இதை நாங்க மட்டும் கேட்கலை. சர்வேயர் அறிக்கை கடைசி வார்த்தை இல்லைன்னு 2009-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. கையெழுத்துப் போட்டுட்டவங்களுக்கும் ஒரு வழி உண்டு. 1999-ல ஒரு பஞ்சு மில் வழக்கு. மிரட்டியோ ஏமாத்தியோ ரசீதுல கையெழுத்து வாங்கியிருந்தா, மீதியைக் கேட்கிற உரிமை போகாதுன்னு அதே நீதிமன்றம் சொல்லுச்சு. ஆனா மிரட்டினதை நிரூபிக்கணும். அந்த மில்லுக்காரரால நிரூபிக்க முடியலை, தோத்துட்டார். அதனால, போடும்போதே ஆட்சேபணையை எழுதிப் போடுறதுதான் நல்லது.

2024 ஜூன்ல வந்த சுற்றறிக்கைப்படி, சர்வேயர் 15 நாள்ல அறிக்கை கொடுக்கணும், அதுக்கு மேல 7 நாள்ல கம்பெனி முடிவு சொல்லணும். இழுத்தடிச்சா ஆணையத்தோட இலவச எண் 155255-க்குப் போன் பண்ணலாம். தூத்துக்குடியில மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. நாம கட்டின பிரீமியம் 5 லட்சத்துக்குள்ளன்னா அங்கயும் கட்டணம் கிடையாது. ரெண்டு வருசத்துக்குள்ள போகணும்.

கடைசியா, நம்ம குழுக்களுக்கு மூணு வேண்டுகோள். கடன் தீர்மானம் எழுதும்போது "வீட்டுச் செலவு"ன்னு பொதுவா எழுதாம, என்ன சாமான், என்ன விலைன்னு எழுதுங்க. வருசத்துக்கு ஒரு கூட்டமாவது ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுலயும் வச்சு, தேதியோட படம் எடுங்க. பாலிசித் தாள், பில்லு எல்லாத்தையும் படம் பிடிச்சு கூட்டமைப்பு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்தி வைங்க. வெள்ளம் வந்தா நம்ம வீட்டு அலமாரி நனையும், அது நனையாது.